வானத்தில் ஒரு கங்காணி

இந்த மாதக் கடைசியோடு நான் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். எனக்கு வயது இருபத்தொன்பது. சிரிக்க வேண்டாம். ஒரே டிஸ்பென்சரியில் பத்து வருடம் வேலை பார்த்தவளுக்கு, அதில் ஒரு நாள்கூடப் பிந்திப் போகாதவளுக்கு, அனுபவக் கட்டுரை எழுதும் உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். தோட்டத்து விதிப்படி டிஸ்பென்சரி உதவியாளர் அதன் பின்னறையிலேயே குடியிருக்க வேண்டும். என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு உடப்புசல்லாவையில் பள்ளிக்கூட வேலை. "நீங்க இங்க வந்துருங்களேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "வந்து? போத்தல் கழுவவா?" என்று கேட்டார். ஆகவே நான் போகிறேன்.

என் இடத்துக்கு யசிந்தா என்றொரு பிள்ளை வந்திருக்கிறாள். வந்த மூன்றாம் நாளே, "அக்கா, ஒங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்த கேஸ் எதுங்க?" என்று கேட்டாள். கால் முன்னால் வந்த பிரசவம், கொதிக்கும் எண்ணெய் கொட்டின கை, இப்படி ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள்.

"வெளிச்சம்" என்றேன்.

"கண்ணுல பூச்சி பறக்குமே, அதுங்களாக்கா?"

"இல்ல. வானத்துல வந்தது. ஒன்பது பேர் பார்த்தாங்க. பத்தாவது நான்."

அவளுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகிற பாதையில் இருக்கிறது. எங்கள் லயத்து வீடுகளில் எட்டாம் வகுப்பு வரை படித்த முதல் ஆள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். டிஸ்பென்சரியில் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஊற்றுப்பேனா ஒன்று வைத்திருந்தேன். சட்டையில் பை கிடையாது என்பதால் அதைக் கொண்டையில் குத்திக்கொண்டு நடப்பேன். கொழுந்து எடுக்கும் பெண்கள் என்னை 'பேனாக் கொண்டை' என்று கூப்பிடுவார்கள். அது கேலி என்று விளங்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

பயிற்சி மூன்று மாதம். ஊசியைக் கொதிக்க வைக்கவும், புண்ணைக் கழுவிக் கட்டவும், வயிற்றுவலிக் கலவையைக் குலுக்காமல் ஊற்றக் கூடாது என்பதையும் கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் தில்லையம்பலம் ஐயாவிடம்.

ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்து டிஸ்பென்சர். உயரம் குறைவு, பொறுமை அதிகம். நோயாளி உள்ளே வந்ததும் 'என்ன நோய்?' என்று கேட்க மாட்டார். "நோய் என்னெண்டு தெரிஞ்சால் அது ஏன் எங்களிட்ட வருது?" என்பார். எப்போது தொடங்கியது, எந்த இடத்தில், கூடுதா குறையுதா, முன்னம் வந்ததா, வீட்டில் வேறு யாருக்கும் உண்டா. இந்த ஐந்தும் இதே வரிசையில். பிறகு ஒரு பொய்க் கேள்வி. வலது பக்கம் வலிக்கிறது என்று ஒருவர் சொல்லியிருந்தால், கொஞ்சம் கழித்து, "அப்ப இடது பக்கம் வலிக்கேக்க காய்ச்சலும் வந்ததோ?" என்று சாதாரணமாகக் கேட்பார். லீவுக்காக வந்தவர்கள் "ஆமாங்க, ஆமாங்க" என்று விழுந்துவிடுவார்கள். உண்மையாக வலிக்கிறவர்கள் கோபப்படுவார்கள். கடைசியில் எல்லோரும் நாக்கை நீட்ட வேண்டும். கால் சுளுக்கி வந்தவரும் நீட்ட வேண்டும்.

நோயாளி சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே பதிவேட்டில் எழுதுவது என் வேலை. "உம்மட படிப்பை அதுக்குள்ள ஊத்தாதையும் பிள்ளை" என்று முதல் நாளே சொன்னார். நான் தலையாட்டினேன். பேனாவும் கொண்டையோடு சேர்ந்து ஆடியது.

அந்த வருடம் ஆடி மாதம் பெரிய துரைக்கு உதவியாக ஒரு புதிய சின்னத்துரை வந்திருந்தார். வெள்ளைக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். வந்ததும் இரண்டு காரியம் செய்தார். ஆறு மணிப் பெரட்டை ஐந்தரை ஆக்கினார். அதாவது, வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் இருட்டோடு வந்து நிற்க வேண்டும். அடுத்தது, பங்களா முற்றத்தில் நின்று தூரக்கண்ணாடி வைத்து மலைகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

இந்தத் தூரக்கண்ணாடிதான் எல்லாவற்றுக்கும் வேர். ஒன்பதாம் நம்பர் மலையில் ஒரு பெரிய பாறை உண்டு. கொழுந்துக்காரப் பெண்கள் மேலே ஏறியதும் அதன் பின்னால் கால்மணி நேரம் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். அவர்களை மேற்பார்க்கும் கருப்பையா கங்காணி அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பி இருமுவார். இது எந்தச் சட்டத்திலும் இல்லாத, எல்லோரும் மதித்த ஒரு ஏற்பாடு. தூரக்கண்ணாடி வந்த பிறகும் பாறைக்குப் பின்னால் இருப்பது பங்களாவிலிருந்து தெரியாது என்று சமாதானமாக இருந்தார்கள்.

அப்படியிருக்க ஒரு நாள் விடியற்காலை, பெரட்டு முடிந்து கூடையோடு ஏறும்போது, பவளக்கொடி நின்றுவிட்டாள். பவளக்கொடி அந்தக் கூட்டத்தில் முன்னால் போகிறவள். முப்பது வயது, வேலை நேரத்தில் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு வரும் இரண்டு குழந்தைகள், தோட்டத்திலேயே வேகமான கை. மலை உச்சிக்கு மேலே, சரியாகப் பாறைக்கு மேலே, மூன்று வெளிச்சம் ஒரே வரிசையில் நின்றன. ஆடவில்லை, சத்தமில்லை. கொஞ்ச நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன.

வேறு ஊராக இருந்தால் முனி என்றோ பேய் என்றோ ஓடியிருப்பார்கள். எங்கள் பெண்களுக்கு முனியைப் பற்றிப் பயமில்லை. அதற்கு வருடத்துக்கு ஒரு சேவல் போதும். பவளக்கொடி மேலே பார்த்துச் சொன்னது வேறு.

"கண்ணாடி பத்தலேன்னு மேல வெளக்கு வச்சிட்டாருடி தொரை."

அவ்வளவுதான். கூட்டம் முழுவதும் அதை ஒப்புக்கொண்டது. மலைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க வானத்தில் ஒரு கங்காணியை வைத்துவிட்டார். இதில் எல்லோரையும்விட அதிகமாக மனம் நொந்தவர் கருப்பையா கங்காணி.

"பதினாறு வருசமா தொண்டை கிழிய கத்துறேன். எனக்கு மேல ஒருத்தன வைக்கிறப்ப ஒரு வார்த்த சொல்ல வேணாமா?"

"சம்பளம் ஒங்களவிட கூடவாத்தான் இருக்கும் கங்காணி" என்று ஒருத்தி எண்ணெய் ஊற்றினாள். "அந்த ஒசரத்துல நிக்கணும்ல?"

அடுத்த நாளும் வெளிச்சம் வந்தது. பெண்கள் ஒன்பதாம் நம்பருக்கு ஏற மறுத்துவிட்டார்கள். மற்ற எந்த மலைக்கும் போவார்கள், அதற்கு மட்டும் போக மாட்டார்கள். இரண்டு நாளில் அங்கே கொழுந்து முற்ற ஆரம்பித்தது. பவளக்கொடியை முன்னால் விட்டு எல்லோரும் ஆபீசுக்குப் போய், "வெளக்க எறக்குங்க தொரை" என்று கேட்டார்கள்.

சின்னத்துரை முதலில் சிரித்தார். கங்காணியும் உள்ளே வந்து, "எறக்கிறது நல்லதுங்க தொரை" என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. வேலைக்குப் போகாமலிருக்கச் செய்த சூழ்ச்சி என்று முடிவு செய்தார். தோட்டத் தமிழில் அவர் சொன்னதை ஆபீசில் கடிதம் கொண்டுபோகும் தப்பால்காரர் அப்படியே நடித்துக் காட்டினார்.

"மானத்திலே வெளக்கு இல்லே! நீ பெரட்டிலே நின்னு, நான் சொன்னது பொய், அப்படிச் சொல்லு. இல்லே, ஒனக்குப் பைத்தியம். பெரிய டாக்டர் வரும், கையெழுத்துப் போடும், கொளும்புக்குப் போ!"

மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பவளக்கொடி மட்டும், "பார்த்தத பார்க்கலேன்னு எப்படிங்க சொல்றது?" என்றாளாம்.

பெரிய டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். அவர் வர எட்டு நாள் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் பவளக்கொடி கொழும்புப் பக்கத்துப் பைத்திய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். அங்கே போன இருவரை எங்கள் தோட்டத்தில் தெரியும். திரும்பி வந்தவர் யாரையும் தெரியாது.

சின்னத்துரையிடமிருந்து ஒரு துண்டுக் கடதாசி வந்தது. இந்தப் பெண்ணின் மனதைப் பரிசோதித்து எழுதி அனுப்பவும். ஐயா அதை இரண்டு தரம் வாசித்தார்.

"மனசைப் பார்க்க எங்களிட்டக் கருவி இல்லை. கண்ணைப் பார்ப்பம். கூப்பிடும்."

பவளக்கொடியை நோயாளிகள் வாங்கில் உட்கார வைத்து, சுளுக்குக்குக் கேட்பதைப் போலவே ஐந்து கேள்வியும் கேட்டார். எப்ப தொடங்கினது? எந்த இடம்? கூடுதோ குறையுதோ? அவள் சொன்னதைச் சொன்னபடியே தமிழில் எழுதினேன். பிறகு ஐயா மெதுவாக, "அப்ப வலது பக்கத்து வெளிச்சம் முதல்ல நூந்த உடன நீ என்ன செய்தனீ?" என்றார்.

"வலது பக்கம்னு யாருங்க சொன்னா? நடுவுல இருக்கதுதாங்க மொதல்ல அணைஞ்சிச்சு!" என்று அவள் சீறினாள்.

"நாக்கை நீட்டு."

அந்த நேரம் பார்த்துக் கீழ்ப்பிரிவிலிருந்து பிரசவத்துக்கு ஆள் வந்தது. ஐயா பையோடு ஓடினார். தப்பால்காரர் பதிலுக்காக வாசலில் நின்றார். பதில் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஐயா வரட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு ஆங்கிலம் தெரியும், அதை யாரும் இதுவரை கேட்டதில்லை. பேனாவை எடுத்தேன். 'வானத்தில் இல்லாத வெளிச்சங்களைக் காண்பதாக இந்தப் பெண் கூறுகிறாள்' என்று அழகான எழுத்தில் ஒரு வரி எழுதி, டிஸ்பென்சரிக்காக என்று என் பெயரையும் போட்டு, நகல் ஒன்றை வைத்துக்கொண்டு அனுப்பினேன். நல்ல வாக்கியம் என்று மகிழ்ந்துகொண்டேன்.

மறுநாள் சின்னத்துரை அந்தக் கடதாசியைப் பெரட்டில் தூக்கிக் காட்டினார். டிஸ்பென்சரியே எழுதிக் கொடுத்துவிட்டது, இல்லாததைப் பார்க்கிறாள் என்று. ஐயா என்னிடம் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"'இல்லாத' எண்டு அவள் சொன்னவளோ?"

"இல்லைங்கய்யா."

"அப்ப ஆர் சொன்னது?"

நகலைத் திரும்ப வாங்கி மடித்தேன். "மற்ற எட்டுப் பேரையும் கூப்பிடும்" என்றார்.

ஒவ்வொருவராக, தனித்தனியாக, ஆறு நாளில் எட்டுப் பேர். எனக்கோ என் வாக்கியத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. "சிவனொளிபாத மலைக்குப் போறவங்க வெளக்கா இருக்கும்" என்று ஒருத்தியிடம் சொன்னேன்.

"வைகாசியோட மலை ஏறுறது முடிஞ்சிருச்சே. ஆடி மழையில எவன் போவான்? படிச்ச புள்ளைக்கு மாசம் தெரியாதா?"

"நோட்டன் பிரிட்ஜ்ல மின்சார வேலை நடக்குதே, அந்த வெளக்கு..."

"நோட்டன் பிரிட்ஜ் எங்க முதுகுக்குப் பின்னால இருக்கு. முதுகுல எனக்குக் கண்ணு கெடையாது."

ஆறாவதாக வந்தது என் அம்மா. அம்மாவும் அந்தக் கூட்டத்தில்தான் கொழுந்து எடுத்தார். ஐயா விதியை விட்டுக்கொடுக்க மாட்டார், நானும் பேனாவைத் திறந்தேன்.

"பெயர்?"

"எம் பேரு ஒனக்குத் தெரியாதா?"

"சொல்லணும்மா. அதுதான் முறை."

"முனியம்மா. எழுதத் தெரியுமா, நான் சொல்லித் தரவா?"

"வயது?"

"நீ பொறந்தப்ப பதினேழோ பதினெட்டோ. படிச்சவதானே, கூட்டிக்க."

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஐயாவும் மீசைக்குள் சிரித்தார். ஆனால் கேள்வி ஆரம்பித்ததும் அம்மா நேராக உட்கார்ந்து பதில் சொன்னார். மாவிளக்கு மாதிரி மஞ்சள், மூன்று, ஒரே வரிசை. பொய்க் கேள்வி வந்ததும் அம்மாவும் சீறினார். நடுவுலதுதான் முதலில்.

எட்டுப் பேரும் அதைத்தான் சொன்னார்கள். பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஐயாவிடம் சொல்லவும் செய்தேன். "இருக்கலாம்" என்றார். "ஆனால் பேசி வச்ச ஆக்கள் எல்லாத்தையும் ஒரே மாதிரிச் சொல்லுவினம். இவையள் நிறத்தில, உயரத்தில, நேரத்தில சண்டை பிடிக்கினம். ஒரு விஷயத்தில மட்டும் இல்லை." பிறகு, "எண்டாலும் டாக்டர் உம்மட கடதாசியைத்தான் முதல்ல வாசிப்பார்" என்று மட்டும் சொன்னார்.

பெரிய டாக்டர் வருவதற்கு முதல் நாள். விடிய ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஊசி கொதிக்க வைக்க டிஸ்பென்சரிப் பின்பக்கம் பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். மழை விட்டு மலையைக் கழுவிவிட்டது போல இருந்தது. நிமிர்ந்தேன்.

ஒன்பதாம் நம்பர் உச்சிக்கு மேலே மூன்று வெளிச்சம்.

சட்டி நிரம்பி வழிந்து என் கால் நனைந்தது தெரியவில்லை. எண்ணினேன். கண்ணைக் கசக்கி மறுபடி எண்ணினேன். மூன்றுதான். நடுவிலிருந்தது அணைந்தது. பிறகு இடது. பிறகு வலது. மலையும் நானும் மட்டும் நின்றோம்.

முதலில் வந்த நினைப்பை ஒளிக்காமல் எழுதுகிறேன். யாருக்கும் தெரியாது, பேசாமல் இருந்துவிடு. எழுதி எழுதிக் கண்ணில் தங்கிவிட்டது என்று வைத்துக்கொள். இன்னொரு நினைப்பும் வந்தது. நான் சொன்னால், இல்லாத வெளிச்சத்தைக் காண்கிறவள் என்ற என் வரி எனக்கும் பொருந்தும். கொழும்புக்கு இரண்டு பேராகப் போகலாம். பேச்சுத் துணை இருக்கும்.

ஐயா எட்டு மணிக்குக் கதவைத் திறந்தார்.

"ஐயா, ஒரு நோயாளி இருக்குங்க."

"ஆர்?"

"நான்தாங்க."

என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப வாங்கில இரும். உமக்கு முன்னால மூண்டு பேர்."

இருமல்காரர், சொறி, பிள்ளைக்கு வாந்தி. அவர்களுக்குப் பின்னால் பேனாக் கொண்டையோடு நான். என் முறை வந்ததும் ஐயா பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தானே எழுத உட்கார்ந்தார். பெயர் கேட்டார். சிவகாமி என்றேன். வயது கேட்டார். எப்போது தொடங்கியது என்று கேட்டார்.

"இன்று அதிகாலையில் வடதிசை வானில் பிரகாசமான மூன்று ஒளிப்பிழம்புகள்..."

பேனாவை வைத்துவிட்டார். "உம்மட வாயால சொல்லும் பிள்ளை."

"மூணு வெளிச்சம்ங்க. ஈரக் கண்ணாடிக்குப் பின்னால லாந்தர் வச்ச மாதிரி. பாறைக்கு மேல. அசையவே இல்லைங்க. பார்த்தப்ப எனக்குப் பயமாவே இல்லை. அதுதான் பயமா இருக்கு."

எழுதினார். கூடுதோ, குறையுதோ, முன்னம் வந்ததோ. பிறகு, "எல்லாரும் சொன்னபடி நடுவிலதுதான் முதல்ல நூந்ததோ, அல்லது வலதோ?" என்றார். இந்த முறை பொய்க்கு இரண்டு வாசல் வைத்திருந்தார். நான் தயங்கினேன். எழுதி வைத்ததைச் சொல்கிறேனா, பார்த்ததைச் சொல்கிறேனா என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன்.

"நடுவுலதுங்க. பிறகு இடது. கடைசியா வலது. மற்றவங்க யாரும் மீதி ரெண்டையும் சொல்லலை. நாமளும் கேக்கலை."

"நாக்கை நீட்டும்."

நீட்டினேன். பதிவேட்டைத் திருப்பி என்னிடம் தந்து கையெழுத்துக் கேட்டார். போட்டேன். இந்த முறை எழுத்து அவ்வளவு அழகாக வரவில்லை.

மறுநாள் பெரிய டாக்டர் கறுப்புக் காரில் வந்தார். சிங்களவர், நரைத்த மனிதர், தமிழ் கொஞ்சம் பேசுவார். சின்னத்துரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பவளக்கொடி திருவிழாச் சேலை கட்டி, எண்ணெய் வைத்துப் படிய வாரி வந்திருந்தாள். அவள் புருஷன் வாசலில் ஒரு துணி மூட்டையோடு குந்தியிருந்தான். அனுப்பித்தான் விடுவார்கள் என்று கட்டியே கொண்டு வந்துவிட்டான். அந்த மூட்டையைப் பார்த்தபோதுதான் என் ஒரு வரியின் கனம் எனக்குத் தெரிந்தது.

டாக்டர் என் கடதாசியை வாசித்தார். "யார் எழுதியது?"

"நான்தாங்க. அது பிழைங்க. அவங்க சொன்னது வேற, நான் எழுதினது வேற." பதிவேட்டை அவர் முன்னால் வைத்து பவளக்கொடி சொன்ன பக்கத்தைத் திறந்தேன். ஐயா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனார். பத்தாவது பெயருக்கு வந்ததும் டாக்டர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"இதுவுமா?" என்றார் சின்னத்துரை.

"இரண்டு பேரையும் அனுப்பலாம்" என்றார் டாக்டர், முகத்தை மாற்றாமல். "ஆனால் மற்ற எட்டுப் பேருக்கும் இடம் கேட்க வேண்டும். ஒன்பதாம் நம்பரில் பிறகு யார் கொழுந்து எடுப்பது? நீங்களா?"

பிறகு பவளக்கொடியின் பக்கம் திரும்பினார். "உனக்கு என்ன வேணும் அம்மா?"

பவளக்கொடி டாக்டருக்குப் பதில் சொல்லவில்லை. நேராகச் சின்னத்துரையைப் பார்த்தாள்.

"தொரை, அது ஒங்க வெளக்கா?"

"இல்லே."

"தோட்டத்து வெளக்கு இல்லேன்னு ஒங்க சாமி மேல சத்தியமா சொல்லுங்க."

சின்னத்துரை டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் துரை கையைத் தூக்கிச் சத்தியம் செய்தார். தோட்டத்துக்கும் வானத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே ஏறியிருப்போமே" என்றாள் பவளக்கொடி. "வேற யாரோடதா இருந்தா எங்களுக்கென்ன?" புருஷன் கையிலிருந்த மூட்டையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

டாக்டர் பதிவேட்டில் பத்துப் பெயருக்கும் எதிரே ஒரே குறிப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐயா அதைத் தமிழில் சொன்னார். பார்வை நன்று.

வெளிச்சம் பிறகு இரண்டு காலை வந்தது. பெண்கள் அதன் கீழேயே வெற்றிலை போட்டார்கள். கருப்பையா கங்காணி மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு வழக்கம்போல இருமினார். அதன்பின் வரவில்லை. அது என்ன என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. தெரியாது என்று எழுதுவதற்கு இப்போது எனக்குத் தயக்கம் இல்லை.

பவளக்கொடி மட்டும் என்னோடு பேசவில்லை. டாக்டர் வந்துபோன நாலாம் நாள் டிஸ்பென்சரிக்கு வந்து வாங்கில் உட்கார்ந்து, இடது கட்டைவிரலை நீட்டினாள். எப்போது தொடங்கியது என்று கேட்டேன். சொன்னாள். எந்த இடம் என்று கேட்டேன். விரலை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். எழுதினேன்.

"என்ன எழுதின? வாசி."

"'முந்தாநாள் கவ்வாத்து வெட்டின மலையில முள்ளு குத்திச்சு. உள்ள நிக்குது.'"

யோசித்தாள். "முள்ளு இருக்குன்னு நம்புறியா?"

"நம்புறேங்க."

"பார்க்காமலேவா?"

"பார்க்காமலேங்க."

"சரி" என்றாள். "எடு."